மூன்றாம் சுருள் மிகுந்தவள்

ஈயும் எறும்பும் வாய் திறந்து வம்பளந்த அந்தக் காலத்தில், பனந்தோப்பு ஓரத்துக் கொட்டகை ஒன்றில் ஒரு கள்ளுப்பானை இருந்தது. அதன் அடியில் தேங்கிய மண்டிக்குள் நுரையர்கள் குடியிருந்தார்கள். கண்ணுக்கே தெரியாத பொடிசுகள். இன்று ஈஸ்ட் என்கிறோமே, அவர்கள்தான். காலையில் வந்து விழும் தெளுவு என்கிற புதுப் பனஞ்சாற்றின் இனிப்பைத் தின்பது, நுரை கக்குவது, உடம்பில் மொட்டு விட்டுப் பிள்ளை பெறுவது, இதுதான் அவர்கள் பிழைப்பு.

ஒவ்வொரு நுரையர் வயிற்றிலும் ஜோடிக்கு இரண்டு இழையாகப் பதினாறு ஜோடி நூல்சுருள் உண்டு. இனிப்பை உடைப்பது எப்படி, கிழிந்த தோலைத் தைப்பது எப்படி என்று பிழைக்கும் வித்தை அத்தனையும் அந்தச் சுருள்களில்தான் முடிச்சு முடிச்சாகக் கிடந்தது. படித்தவர்கள் பின்னாளில் அதற்குக் குரோமோசோம் என்று பேர் வைத்தார்கள். பிள்ளை பிறக்கும்போது சுருளெல்லாம் இரட்டிக்கும். தாய்க்குப் பதினாறு ஜோடி, மகளுக்குப் பதினாறு ஜோடி என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் இருவரையும் இணைக்கும் கொடியை அறுக்கலாம். எண்ணிக்கை தப்பினால் இருவரும் கரைந்துபோக வேண்டும். பானைச் சட்டம் அப்படி.

எண்ணுகிற வேலை கொம்பையாவுடையது. அவனுக்குச் சுருளும் கிடையாது, மூப்பும் வெயிலும் அவனைத் தொடாது. நின்ற இடத்தில் நிற்க மாட்டான், சிரித்து யாரும் பார்த்ததில்லை. எத்தனையோ பேரை அவன் வாயாலேயே 'கரைஞ்சு போ' என்று அனுப்பியிருக்கிறான். அந்த முகங்கள் அவனைத் தூங்க விட்டதில்லை.

ஒருநாள் பொங்காயி மொட்டு விட்டாள். அன்றைக்குத் தெளுவு பாகுபோல ஒட்டியது. கொம்பையா வழக்கம்போல் விரலால் தடவி எண்ணினான். மகள் பக்கம் மூன்றாம் சுருளில் இரண்டு இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே தட்டுப்பட்டது. மகளுக்கு இரண்டு சரி, அப்படியென்றால் தாய்க்கும் சரி என்று கொடியை அறுத்துவிட்டான்.

"அண்ணே, உள்ளுக்குள்ள என்னமோ காலியா இருக்கு. இன்னொருக்கா எண்ணுங்களேன்" என்றாள் பொங்காயி.

எண்ணினான். அவன் முகம் வெளிறியது.

"சொல்லுங்க. யாருக்குக் கொறையுது?"

"உனக்குத்தான் தாயி. மூணாஞ்சுருள்ல ஒண்ணு மககிட்டப் போயிருச்சு. அவளுக்கு மூணு, உனக்கு ஒண்ணு."

"அப்ப என்னையக் கரைச்சிருங்க. அவளுக்கு ஒண்ணும் கொறையலையே."

"கூடினாலும் தப்பு தப்புதான்."

"தப்பு பண்ணது உங்க கை. இப்ப மொளைச்ச பச்சப்புள்ள எதுக்குச் சாகணும்?"

கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கூட்டிட்டுப் போ. யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றான். அவன் சட்டத்தை மீறியது அதுதான் முதல் தடவை.

பொங்காயி அதிக நாள் தாங்கவில்லை. மகள் செம்பாயி வளர்ந்தாள், வளர்ந்தாள் என்றால் ஆமை நடக்கிற மாதிரி வளர்ந்தாள். அவள் வயசுக்காரிகள் பேத்தி எடுத்துவிட்டார்கள். இவள் ஒரு மொட்டுகூட விடவில்லை.

பானை விளிம்பில் உட்கார்ந்திருந்த கள்ளு ஈ கேலி பேசியது. "என்னா கொம்பையா, உன் செல்லப்புள்ள மூட்டை தூக்கிட்டே திரியுதே, சந்தைக்கா போகுது?"

"நான் என்ன செய்ய மாமா? மத்தவங்களுக்கு மூணாஞ்சுருள் ரெண்டு வாயால சொல்லுது. எனக்கு மூணு வாயால சொல்லுது. வேண்டாததெல்லாம் செஞ்சு குவிக்குது. அதை அள்ளிப் போடவே பாதி பலம் போயிருது" என்று கொம்பையாவிடம் சொன்னாள் செம்பாயி.

இந்தப் பேச்சு ஊர்த்தலைவி கூழாச்சி காதில் விழுந்தது. அவள் நேரே வந்தாள்.

"ஏண்டா, என் சொந்த மகளையும் அவ மொட்டையும் பாத்துக் கரைஞ்சு போன்னு சொன்னப்ப உன் வாய் கூசலையே. இந்த மூட்டைக்காரிக்கு மட்டும் என்ன சலுகை? அடுத்த தெளுவு வர்றதுக்குள்ள அவ கரையணும். கூடவே நீயும்."

கொம்பையா தலையைக் குனிந்துகொண்டான். கூழாச்சி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தத் தெளுவு வருவதற்குள் கொட்டகைக்காரர்கள் ஓலை மாற்றக் கூரையைப் பிரித்தார்கள். பானையைத் தூக்கி வெறும் பாறையில் வைத்தார்கள். சித்திரை வெயில். பானை கொதிக்கத் தொடங்கியது. நுரையர்களின் உடம்புக்குள் சுருள்கள் சொன்னபடி செய்து வைத்திருந்த கருவிகளெல்லாம் காய்ந்த ஓலைபோல முறுக்கிக்கொண்டன. தின்ற இனிப்பு செரிக்கவில்லை, கிழிந்த தோல் கூடவில்லை. வரிசை வரிசையாகச் செத்தார்கள்.

செம்பாயி மட்டும் சாகவில்லை. முறுக்கியதை நிமிர்த்தும் வித்தை அந்த மூன்றாம் சுருளில்தான் இருந்தது. மற்றவர்கள் ஒன்றை நிமிர்த்துவதற்குள் நாலு முறுக்கிக்கொண்டன. அவள் முறுக்க முறுக்க நிமிர்த்தினாள். அந்த வெக்கையில்தான் அவள் முதல் மொட்டை விட்டாள்.

கூழாச்சி தவழ்ந்து வந்தாள். அவளும் மொட்டு விடும் நேரம். "கொம்பையா, எனக்கும் ஒரு சுருளைச் சேத்துப் போடுடா!"

"எண்ணாம அறுத்தா ஏதோ ஒண்ணு கூடலாம். எது சேரும்னு என் கையில இல்ல ஆத்தா."

"எதுவானாலும் போடு. மூட்டைதானே காப்பாத்துது!"

எண்ணாமலே அறுத்தான். அவளுக்கு ஒன்பதாம் சுருள் மிகுந்தது. வெயிலுக்கு அது எதற்கும் உதவவில்லை. உச்சி நேரத்துக்குள் உடம்பு உப்பி வெடித்துச் செத்தாள். அவளைப் பார்த்து எண்ணாமல் அறுத்துக்கொண்ட இன்னும் பலருக்கும் அதே கதிதான்.

செம்பாயியின் மொட்டுக்கு மறுபடியும் மூன்று இழை. கொடியைப் பிடித்த கொம்பையாவின் கை நின்றது. சட்டப்படி அறுக்கக் கூடாது. அறுக்காவிட்டால் பானையில் நுரையர் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

"என்ன மாமா யோசனை? சட்டம் பாக்கணும்னா, பாக்க ஆள் வேணுமில்ல?" என்றாள் செம்பாயி.

கொம்பையா அறுத்தான்.

வெயிலில் கள் சீக்கிரம் காரமேறியது பிடித்துப்போய், கொட்டகைக்காரர்கள் பானையைப் பாறையிலேயே விட்டுவிட்டார்கள். தலைமுறைகள் போயின. பானை முழுக்கச் செம்பாயி வம்சம். எல்லோரும் மூட்டைக்காரர்கள், எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அவர்களில் ஒருத்திக்கு ஒரே ஒரு முடிச்சு தானாகவே மாறி விழுந்தது. சின்ன முடிச்சுதான். ஆனால் அது இருந்தால் வெக்கையில் கருவிகள் முறுக்கவே இல்லை. அவள் மொட்டு விட்டபோது கூடுதல் இழை மகளுக்குப் போகாமல் நழுவியது. அந்த மகள் சிட்டாகப் பறந்தாள், மற்றவர்களைவிட வேகமாகப் பெருகினாள்.

கொம்பையா செம்பாயியிடம் ஓடினான். "உன் இழையை விட்டுட்டாங்க தாயி."

கிழடாகிப்போன செம்பாயி சொன்னாள்: "விடட்டும் மாமா. பாலம் கட்டுற வரைக்கும்தான் பரிசல். அதுக்கப்புறமும் அதத் தலையில தூக்கிட்டுத் திரியவா?"

அன்றே கொம்பையா பானைச் சட்டத்தை மாற்றினான். எண்ண வேண்டும், கட்டாயம் எண்ண வேண்டும். தப்பினால் உடனே கரைக்காதே, கொஞ்சம் பொறுத்துப் பார்.

அன்று முதல்தான், காலம் நன்றாக இருக்கும்போது எண்ணிக்கை பிசகாத உயிரணுக்கள்கூட, வெக்கையும் பஞ்சமும் வந்தால் கணக்குத் தப்பிப் பிறக்கின்றன. தப்பியவற்றில் பெரும்பாலானவை செத்துப் போகின்றன. ஏதோ ஒன்று அந்தக் கஷ்டத்துக்கென்றே வாய்த்ததுபோல் நின்று, தன் இனத்தைக் கரை சேர்த்துவிட்டுச் சுமையை இறக்கி வைக்கிறது.