முனிக்குப் படைத்த பருத்திக்கொட்டை

மிராசு வீட்டில் ஒரு கன்று செத்தது. "முனியோட கோபம்! கன்னுத் தீவனத்துப் பருத்திக்கொட்டை பூராவும் தினம் உச்சிவேளையில முனி இருக்கிற பனையடிக்கு வரணும். வச்சவங்க திரும்பிப் பார்த்தா ரத்தம் கக்குவாங்க" என்று மந்திரவாதி மாசாணம் அதட்டினான். அன்றிலிருந்து மத்தியானமானால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது.

தொழுவக்காரி ஒச்சம்மாள்தான் கூடை சுமந்தாள். காற்றே இல்லாமல் ஓலை சலசலக்கும். முதுகுக்குப் பின்னால் எதுவோ மூச்சுவிடும். சாயங்காலம் போனால் கூடை வழித்துத் துடைத்ததுபோல் கிடக்கும். தொழுவத்தில் கன்றுகள் எலும்பும் தோலுமாக நின்று பனங்காட்டையே வெறித்தன. மேலும் மூன்று செத்தன.

"இவ கைராசி அப்படி. வெள்ளிக்குள்ள கன்னு தேறலைன்னா ஊரைவிட்டே விரட்டுங்க" என்றான் மாசாணம்.

"வெறும் வைக்கோல்ல எந்தக் கன்னுய்யா தேறும்?" என்று சீறிய ஒச்சம்மாள், வியாழக்கிழமை தீவனத்தில் ஒரு படி பூண்டை இடித்துக் கலந்தாள்.

அன்று மாலை மாசாணம் தன் பசுவின் பாலை முனிப் பிரசாதமென்று கொண்டுவந்தான். ஒரு வாய் குடித்த மிராசு துப்பினார். "என்னய்யா, பூண்டு நாத்தம் குடலைப் புடுங்குது!"

"முனிக்கு நான் வச்ச பூண்டுங்கய்யா அது. மாடு தின்னது பால்லதானே நாறும்? முனி தின்னது இவர் பசு மடிக்கு எப்படி வந்துச்சாம்?" என்றாள் தொழுவத்திலிருந்து வந்த ஒச்சம்மாள்.

மாசாணம் பால் சொம்பைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டான். "முனி... என் பசுமேல வந்திருக்காரு!"

"அப்படின்னா பசுவை இங்க கொண்டுவந்து கட்டச் சொல்லுங்கய்யா. தின்னுபோட்ட முனியே கன்னுங்களுக்குப் பால் குடுக்கட்டும்."

மிராசு அப்போதே ஆளனுப்பினார்.