தலைவர் வீட்டுத் தண்ணி

ஆலங்கரைப் பேரூராட்சித் தலைவர் சுடலைமுத்து நல்ல மனுஷர்தான். தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்ற நினைப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல். குடிநீர் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள், குளோரினைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கும் கருவியை ஊர்த் தொட்டியில் பொருத்த அனுமதி கேட்டு ஆறு மாதமாக நடந்தார்கள்.

"கிருமி கிருமிங்கிறீங்க. என் கண்ணுக்குக் காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்.

"நான் காட்டுறேன்" என்று கிளம்பினாள், ஆராய்ச்சிக்கூடத்தில் பாட்டில் கழுவும் இசக்கியம்மாள். கிருமி இருந்தால் தண்ணீரைக் கறுப்பாக்கும் மருந்து போட்ட இரண்டு சின்னப் பாட்டில்களை எடுத்துக்கொண்டாள். அவள் தெருவின் சின்னத் தொட்டியில் அந்தக் கருவி சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்று, தலைவர் வீட்டுக் குழாயில் ஒன்று என்று பிடித்து வைத்தாள்.

மறுநாள் ஒன்று தெளிவாக இருந்தது. மற்றது மையாய்க் கறுத்திருந்தது. இரண்டையும் தலைவர் மேஜையில் வைத்தாள்.

"ஐயா, இதுல உங்க வீட்டுத் தண்ணி எது?"

"இதுவும் ஒரு கேள்வியா?" தெளிந்ததைத் தூக்கினார். "அந்தச் சாக்கடையை உங்க தெருவுக்கே கொண்டு போ."

"ஐயா கையில இருக்கிறதுதான் எங்க தெரு. கறுத்ததுல உங்க வீட்டம்மாவே பேரெழுதிக் கொடுத்தாங்க, பாருங்க."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "எம் பேத்தி இதைத்தானம்மா குடிக்கா? முதல்ல எங்க வீட்டுல மாட்டச் சொல்லு!"

"ஊர்த் தொட்டியில மாட்டுவோம் ஐயா. தலைவர் வீடும் ஊருக்குள்ளதானே இருக்கு?"

தலைவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பேனாவைத் தேடினார்.