கடற்காற்றும் பெண்பனையும்

கடலோரத்தில், தேரி என்னும் செம்மணல் வெளியில் ஒரு பெண்பனை தனியாக நின்றது. வருடா வருடம் மாசி பிறந்தால் பாளை விடும், பூக்கும். ஆனால் ஒரு பூவும் காயாகாது. எல்லாம் கருகி உதிர்ந்துவிடும்.

காரணம் பனைக்குத் தெரியும். வடக்கே மணல்மேட்டுக்கு அப்பால் ஓர் ஆண்பனை இருந்தது. மேட்டுக்கு மேலே அதன் தலை மட்டும் தெரியும். அதன் பூந்தாது இங்கே வந்து சேர வேண்டும். பூக்கிற காலத்தில் தேரியில் வீசுவதோ கடற்காற்று ஒன்றுதான். அது பகலில் கிழக்கிலிருந்து மேற்கே போகும். பொழுது சாய்ந்ததும் போன வழியே கடலுக்குத் திரும்பும். வடக்குப் பக்கம் எட்டியும் பார்க்காது.

"கவலைப்படாத தங்கச்சி," என்று காற்று போகும்போதெல்லாம் சொல்லும். "நடக்க முடிஞ்சது எதுவானாலும் ஒருநாள் நடந்தே தீரும். என்னைக்காவது நான் கொஞ்சம் தடுமாறி வடக்கே சாய்வேன். அன்னைக்கு உனக்குக் காய்தான். எனக்கென்ன, காலத்துக்கா பஞ்சம்?"

கேட்க இதமாக இருக்கும். பனையும் நம்பியது. பூ உதிரும்போதெல்லாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டது.

ஒரு மாசியில், நிலத்துக்காரர் ஞானமணியும் அவர் மனைவி செல்வக்கனியும் வந்தார்கள். ஞானமணி அடிமரத்தைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"இத்தனை வருசமா நிக்கி. ஒரு நுங்கு கண்டோமா? பங்குனி கடைசியில வெட்டிருவோம். ஆட்டுக்கொட்டகைக்கு உத்திரம் ஆகும்."

"பாவம், பூத்துத்தான இருக்கு," என்றாள் செல்வக்கனி.

"பூத்து என்ன செய்ய? காய்க்கலையே."

அவர்கள் போன பிறகு பனை கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. உச்சிவேளையில் காற்று வந்தது.

"அண்ணாச்சி, என்னை வெட்டப் போறாங்க. காய்ச்சாத்தான் தப்பிப்பேன். நீங்க எப்போ வடக்கே சாய்வீங்க?"

"ஒருநாள் சாய்வேன்."

"எந்த ஒருநாள்?"

"அது எனக்கே தெரியாதே. ஆனா முடிவில்லாத காலத்துல..."

"முடிவில்லாத காலம் உங்களுக்கு இருக்கு அண்ணாச்சி. எனக்குப் பங்குனி வரைக்கும்தான்."

பனை கோபப்படாமல் மேலும் சொன்னது. "இன்னொண்ணும் யோசிச்சேன். கடலுக்கும் மேற்குக் காட்டுக்குமே போய் வர்ற ஒருத்தர், எத்தனை யுகம் நடந்தாலும் வடக்கே போய்ச் சேருவாரா? போற வழி மாறணும்லா?"

"ஒருவேளை சாய்ஞ்சாலும் சாய்வேன், தங்கச்சி."

"சாயறதை நான் கேக்கலை. போவீங்களான்னு கேக்கேன்."

இப்படி ஒரு கேள்வியைக் காற்றிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அது நின்று யோசித்தது. சுடுமணல் இழுத்தது, கரைக்கு வந்தோம். கடல் இழுத்தது, திரும்பினோம். நாமாக எங்கே போயிருக்கிறோம்? அந்த வழியை விட்டு விலகினால் இழுக்கவும் ஆளில்லை, தள்ளவும் ஆளில்லை.

"நானா போனா திரும்பி என் வழிக்கு வரமுடியாது, தங்கச்சி. பாதியிலேயே ஓய்ஞ்சுருவேன்," என்றது மெல்ல.

பனை பதறிவிட்டது. "அய்யோ, அப்படின்னா வேண்டாம் அண்ணாச்சி. நீங்க போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

வாய்வார்த்தைக்காக அது அப்படிச் சொல்லவில்லை. காற்றுக்கு அது புரிந்தது. கொஞ்ச நேரம் தேரியில் ஓர் ஓலையும் அசையவில்லை. பிறகு மேட்டுச் சரிவின் செம்மணல் மெல்ல வடக்கே நகரத் தொடங்கியது.

மேட்டுக்கு அப்பால் ஆண்பனை திடுக்கிட்டது. "என்ன ஓய், வழி தவறிட்டீரா?"

"தவறலை. வந்திருக்கேன்."

பூந்தாதை வாரி எடுத்துக்கொண்டு காற்று திரும்பியது. வரும்போதே வலு குறைந்தது. சுமந்ததில் பெரும்பகுதி மணலில் கொட்டிப்போனது. மேட்டில் தவழ்ந்து ஏறி, இறங்கி, கடைசியில் பெண்பனையின் பாளையைத் தொட்டது.

"கொஞ்சம்தான் கொண்டுவர முடிஞ்சுது, தங்கச்சி."

"போதும் அண்ணாச்சி."

ஆடிக்கொண்டிருந்த ஓலை நின்றது. காற்று அங்கேயே அடங்கிப்போனது.

மறுநாள் கடலிலிருந்து வேறொரு காற்று கிளம்பி, அதே கிழக்கு மேற்கு வழியில் போய்வரத் தொடங்கியது.

பங்குனி கடைசியில் ஞானமணி கோடாலியோடு வந்தார். செல்வக்கனிதான் முதலில் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, இருங்க இருங்க! மேல பாருங்க, குரும்பை விட்டிருக்கு!"

அவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை வருசம் இல்லாம இப்போ எப்படிட்டி காய்ச்சுது?"

"எப்படியோ காய்ச்சுது. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அன்று உச்சிவேளையில் புதுக்காற்றும் அந்தக் காய்களைப் பார்த்தது. அதற்கு ஒரே பெருமை. "பாத்தியா தங்கச்சி! காலம் மட்டும் இருந்தா எல்லாம் தானா நடக்கும்னு எங்க அண்ணன் சொல்லுவாரு."

"காலம் நடத்தலை," என்றது பனை. "உங்க அண்ணன்தான் நடத்திக் குடுத்தாரு."

"அவர் எங்கே?"

பனை ஓலைகளைத் தாழ்த்திக் குலையை மூடிக்கொண்டது.

புதுக்காற்று மேற்கே புறப்பட்டது. கொஞ்ச தூரம் போய் நின்று, வடக்கே ஒரு தடவை பார்த்தது.