வைரக்கண்ணு வெச்ச பலகை

ஒரு ஊர்ல ஒரு தவில் வீடு இருந்துச்சாம். சந்தனம்னு ஒருத்தர் அங்க உட்கார்ந்து தவில், பம்பை, உடுக்கைன்னு செஞ்சுக்கிட்டே இருந்தாராம். அவர் செத்துப் போனதும் அவரோட மக வைரக்கண்ணு அந்தப் பட்டறையைக் குட்டி மியூசியமா ஆக்கிட்டா. அப்பாவோட உளி, மூக்குக்கண்ணாடி, அவர் செஞ்ச மேளம் எல்லாத்தையும் வரிசையா வெச்சா. ஆனா பார்க்க ஒரு ஈ காக்கா வரல. ம் கொட்டு!

அப்போ பேரூராட்சி ஆபீசர் தணிகாசலம் வந்தாரு. கட்டடம் பேரூராட்சியோடது, பாரு.

"ஏம்மா, சனிக்கிழமை காலையில வருவேன். இங்க கூட்டம் இருக்கணும். இல்லேன்னா காலி பண்ணிட்டு பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கிடுவேன்"னுட்டாரு.

வைரக்கண்ணு சும்மா இருப்பாளா? உடனே ஒரு பலகையில, 'எல்லாரும் வாங்க'ன்னு எழுதி மாட்டினா. யார் வந்தா தெரியுமா? ஒரு ஆடு! டொக்கு டொக்குன்னு உள்ள வந்து, தவில் தோலை மோந்து பார்த்துச்சு. "ம்மேஏஏ!"ன்னு அலறிக்கிட்டு ஓடியே போச்சு.

அப்புறம் மறுநாள், 'வர்றவங்களுக்குப் பானகம்'னு எழுதினா. ரெண்டு பேர் வந்தாங்க. வாசல்லயே நின்னு மடக் மடக்னு குடிச்சாங்க, மீசையைத் தொடைச்சாங்க.

"உள்ள வந்து பாருங்களேன்."

"இன்னொரு நாளைக்கு வர்றோம்மா."

போயிட்டாங்க!

அப்புறம் வெள்ளிக்கிழமை வந்துடுச்சு. வைரக்கண்ணு சோறு திங்கல. அப்பாவோட உளியை மடியில வெச்சுக்கிட்டு உம்முன்னு உட்கார்ந்திருந்தா. திடீர்னு என்ன தோணுச்சோ, களுக்னு சிரிச்சா. கரிக்கட்டையை எடுத்துப் பெருசா எழுதினா: 'சின்னப் பசங்க உள்ளே வரக்கூடாது. முக்கியமா, மூலையில இருக்கிற பெரிய தவிலைத் தொடவே கூடாது!'

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. கதவைத் தொறந்து போட்டுட்டு, நாற்காலியில சாஞ்சு தூங்குற மாதிரி நடிச்சா.

முதல்ல பூவரசின்னு ஒரு பொக்கைப்பல்லு பொண்ணு எட்டிப் பார்த்துட்டு, பின்னாடி நின்ன தோழிகிட்ட கிசுகிசுத்தா.

"ஏய், அத்தை தூங்குறாங்கடி!"

"நிஜமாவா?"

"கொர்ர்ர்ர்!"னு குறட்டை விட்டா வைரக்கண்ணு.

அவ்ளோதான்! பூவரசி பூனை மாதிரி போயி பெரிய தவில்ல ஒரு அடி, தொம்ம்ம்! அப்பா போனதுல இருந்து அதை யாருமே அடிக்கல. வைரக்கண்ணுக்கு மூடின கண்ணுல இருந்து தண்ணி வழிஞ்சுது. வாய் மட்டும் சிரிச்சுது. ஆனா குறட்டையை நிறுத்தல, கேட்டியா!

அப்புறம் தெருப் பசங்க மொத்தமும் உள்ள! தக்கு தக்கு, குடுகுடு குடுகுடு, தொம் தொம்! பசங்களைத் தேடி அம்மாமார் கரண்டியும் கையுமா வந்தாங்க. "அடேய், என்னடா சத்தம்?"னு திட்ட வந்தவங்க, "இந்த உடுக்கையை இங்க குடு பார்ப்போம்"னு வாங்கி அடிச்சாங்க.

அப்போ தணிகாசலம் வந்தாரு. காலை வைக்க இடமில்ல. எண்ணினாரு, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பசங்க இடம் மாறுதுங்க. மறுபடி எண்ணினாரு. மறுபடியும் கணக்கு தப்பிப்போச்சு.

"சரிம்மா. இது மியூசியமாவே இருக்கட்டும்"னாரு. ஆனா கிளம்பல. தலையைச் சொறிஞ்சுக்கிட்டே நின்னாரு. "ஏம்மா... நானும் ஒரே ஒரு தட்டு..."

"வரிசையில நில்லுங்க சார். அந்தப் பொடிசுக்குப் பின்னாடி."

நின்னாரு! அவர் முறை வந்துச்சு. 'தொப்'னு ஒரு தட்டு. பசங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. அவருக்கு ரோசம் வந்துடுச்சு. தொம்! இன்னும் ஒண்ணு, தொம் தொம்! சட்டையெல்லாம் வேர்த்து ஊத்துது, மனுசன் நகரவே மாட்டேங்கிறாரு.

பூவரசி அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்தா.

"மாமா, போதும் மாமா. சின்னப் பிள்ளைங்களும் அடிக்க வேணாமா?"

ம்... நீ ம் கொட்டுற சத்தத்தையே காணோமே? சரி சரி, கதை படுத்துக்கிச்சு. நீயும் தூங்கு, என் தங்கம்.