பிசாசைப் பிடிக்க வந்த ஏட்டையா

ஏட்டையா மாசிலாமணி பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். பிசாசைப் பிடிக்கலாம் என்று ஜெபவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் விளையாட்டுக்கு வரவில்லை. முப்பத்துநாலு வருஷம் போலீஸில் இருந்தவர். அவர் பிடித்துக்கொண்டு வந்த ஆட்களில் பாதிப் பேர் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஏன்டா செய்தாய் என்று கேட்டால், புத்தி கெட்டுப்போச்சு ஐயா, பிசாசு பிடிச்சு ஆட்டிட்டான் என்பார்கள். இத்தனை வழக்கிலும் ஒரே ஆளின் பெயர் வருகிறது, அந்த ஆளை மட்டும் யாரும் விசாரிக்கவே இல்லை. இது அவருக்குப் பல்லில் சிக்கின நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜெபவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தேரிச் செம்மணலில் நாலு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, கத்தரித் தோட்டம், எட்டு ஆடு. உழைத்துச் சாப்பிட்டு, ஜெபம் பண்ணிக்கொண்டு ஏழு பேர் இருந்தார்கள். நடத்தியவர் எஸ்தர்கனி அம்மா. வயது நாற்பத்திரண்டு. ஏட்டையாவின் மூத்த மகளைவிட ரெண்டு வயசுதான் கூடுதல். இருந்தாலும் அங்கே அவர்தான் குரு, ஏட்டையா சீடர்.

வந்த அன்றைக்கே ஏட்டையா விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பிசாசு எங்கே இருக்கான், அம்மா?"

எஸ்தர்கனி ஆட்டுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுக்கணுமா?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அப்போ ஒரு மாசம் நல்லாக் கவனிங்க, ஏட்டையா. கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க."

வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால், ஒரு மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்து தன் மனசைப் பார்த்திருப்பார்கள். ஏட்டையா கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கி வந்தார்.

அன்றிலிருந்து ஜெபவனத்தில் போலீஸ் பாரா ஆரம்பமாகிவிட்டது. எல்லோரும் கண்ணை மூடுகிற நேரத்தில் ஏட்டையா திறந்துகொள்வார். உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிஷம் தரிக்க மாட்டார். எழுந்து ஜன்னலுக்குப் போவார், கிணற்றடிக்குப் போவார், திரும்பி வருவார். நவமணி டீச்சர் தியானத்தில் குறட்டை விட்டது நோட்டில் ஏறியது. தோட்டக்காரர் ஆட்டைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதும் ஏறியது, எந்த வார்த்தை என்பதோடு.

ஆனால் நோட்டில் முக்கால்வாசி சிலுவைமுத்துக்குத்தான்.

சிலுவைமுத்து அங்கே சமையல் பார்த்தான். ஏட்டையா அவனை இரண்டு தடவை பிடித்து உள்ளே வைத்தவர். இரண்டும் கிணற்று மோட்டார் திருட்டு. ஏட்டையா வந்த முதல் நாள் மத்தியானம் தட்டை நீட்டியபோது, சோறு போட்டவன் முகத்தைப் பார்த்தார். போட்டவனும் அவரைப் பார்த்தான், பாதிச் சோறு தரையில் விழுந்தது.

சிலுவைமுத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது. பெண்டாட்டி வீட்டில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் எங்கே மோட்டார் காணாமல் போனாலும் முதல் ஆளாக அவனைத் தேடித்தான் வருவார்கள். ஜெபவனத்துக்கு வந்த இந்த மூன்று வருஷமாகத்தான் நாய் குரைத்தால் திடுக்கிட்டு எழுந்திருக்காமல் தூங்குகிறான். இதெல்லாம் ஏட்டையாவுக்கும் தெரியும். அதனாலேயே இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார். பிசாசு தங்குவதற்கு இதைவிட வசதியான ஆள் அந்த ஏழு பேரில் இல்லை என்பது அவர் கணிப்பு.

ஜெபவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று அப்பம் வாங்குகிற திருவிருந்துக்கு முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் ஜெப அறையில் வட்டமாக உட்காருவார்கள். அந்த வாரம் செய்த தப்பை ஒவ்வொருத்தரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தன் தப்பை மட்டும்தான். சொல்லி முடித்ததும் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, "கேட்டோம், விட்டோம்" என்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுபடி யாரும் எடுக்கக் கூடாது.

முதல் மூன்று சனிக்கிழமையும் ஏட்டையா தன் முறை வரும்போது, விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி நகர்ந்துகொண்டார். எஸ்தர்கனியும் வற்புறுத்தவில்லை.

நாலாவது சனிக்கிழமை காற்று பலமாக அடித்தது. ஜன்னலைச் சாத்தியும் மணல் உள்ளே வந்து பாயில் நறநறத்தது. சிலுவைமுத்து தன் முறையில், திங்கட்கிழமை கோழிக்கு அடை வைத்திருந்த முட்டையில் ஒன்றை எடுத்து அவித்துத் தின்றுவிட்டதாகச் சொன்னான். எல்லோரும் வாயைத் திறப்பதற்குள் ஏட்டையா எழுந்து நின்றார்.

"ஒண்ணு இல்லை, ரெண்டு முட்டை" என்றார். நோட்டைப் பிரித்தார்.

தேதி போட்டு, நேரம் போட்டு வாசித்தார். சர்க்கரை டப்பாவில் கை விட்டது. கறிக் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்துத் தனக்கு எடுத்து வைத்தது. காலை ஜெபத்துக்கு வராமல், அடுப்பு பற்றவில்லை என்று பொய் சொன்னது. இருபத்தாறு குற்றம். குரல் கோர்ட்டில் வாசிக்கிற குரல்.

சிலுவைமுத்து தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஆமா ஐயா, ஆமா ஐயா என்று சொல்லிக்கொண்டே வந்தான். முடிந்ததும் கொஞ்சம் தயங்கினான்.

"பால் பவுடரை விட்டுட்டீங்க, ஐயா. ரெண்டு கரண்டி."

நவமணி டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தோட்டக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள்.

"கேட்டோம், விட்டோம்."

ஏட்டையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு மாசம் தூக்கம் கெட்டுப் போட்ட கேஸ். ஒரே மூச்சில் தள்ளுபடி.

"இப்போ உங்க முறை, ஏட்டையா" என்றார் எஸ்தர்கனி.

ஏட்டையா தன் முறையைப் பற்றிப் பேசவில்லை. பிசாசு எங்கே இருக்கிறான் என்று பார்க்கச் சொன்னீர்கள், பார்த்துவிட்டேன், ஆதாரத்தோடு காட்டிவிட்டேன், ஆளை உட்கார வைத்துக் கொஞ்சுகிறீர்கள் என்று ஆரம்பித்தார். வெகுநேரம் பேசினார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"இவன் நிற்கிற வரிசையில நின்னு நான் அப்பத்துக்குக் கை நீட்ட மாட்டேன். ஒண்ணு இவன் இருக்கணும், இல்லை நான் இருக்கணும். சொல்லிடுங்க."

ஓட்டின் மேல் மணல் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சிலுவைமுத்துதான் எழுந்தான். ராத்திரி ரசத்துக்குப் புளி கரைத்து வைத்திருக்கிறேன், அரிசி களைந்தாகிவிட்டது, உலை வைத்தால் போதும் என்று டீச்சரிடம் சொன்னான். உள்ளே போய் ஒரு வேட்டியையும் இரண்டு சட்டையையும் துண்டில் முடிந்துகொண்டு வந்தான். ஏட்டையாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நாலரை மணி பஸ்ஸுக்கு ரோட்டுப் பக்கம் நடந்தான்.

கேட்டது கிடைத்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் ஏட்டையா இப்போது காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். முடியவில்லை. அறைக்குள் போனார், கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்தார். தண்ணீர் மொண்டு பாதி குடித்துவிட்டு மீதியைக் கொட்டினார். கத்தரிப் பாத்தி வரைக்கும் போய்விட்டு எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பினார். கடைசியில் கேட் ஓரம் நின்ற எஸ்தர்கனியிடம் வந்தார். அங்கிருந்து பார்த்தால் ரோடும் பஸ் நிற்கிற வேப்பமரமும், அதன் அடியில் மூட்டையோடு குந்தியிருந்த சிலுவைமுத்துவும் தெரிந்தன.

"நீங்க ஏன் அவனைத் தடுக்கலை?" ஏட்டையாவின் கேள்வியில் குற்றச்சாட்டு இருந்தது.

"உங்க பேச்சைக் கேட்டுத்தானே போறான். நான் சொல்லி எப்படி நிப்பான்?"

ஏட்டையா கேட் கம்பியைப் பிடித்து ஆட்டினார்.

எஸ்தர்கனி ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேல ஒரு தூதன் இருந்தான், ஏட்டையா. வெளிச்சத்தைத் தூக்கிட்டு நடக்கிற வேலை. கை சுத்தம். நேரம் தவற மாட்டான். கீழே மனுஷரை உண்டாக்கின பிறகு, அவங்க என்ன பண்றாங்கன்னு பார்க்கிற வேலையையும் அவனே இழுத்துப் போட்டுக்கிட்டான். யாரும் கொடுக்கலை. பகல்ல ஒரு தரம், ராவுல ஒரு தரம் போய் ஆண்டவர் முன்னால நின்னு சொல்லுவான். இவன் திருடிட்டான். அவன் தம்பியை அடிச்சுட்டான். இவ புருஷனை ஏமாத்துறா."

"பொய்யா சொன்னான்?"

"ஒண்ணுகூடப் பொய் இல்லை. அத்தனையும் நடந்ததுதான்."

"ஆண்டவர் என்ன செய்தார்?"

"கேட்டுக்கிட்டார். யாரையும் தள்ளலை. அதுதான் இவனுக்குத் தாங்கலை. ஒருநாள் எல்லாரும் கூடியிருந்தப்போ எழுந்திரிச்சு நின்னான். ஒண்ணு இவங்க இருக்கணும், இல்லை நான் இருக்கணும்னான்."

ஏட்டையா கம்பியை ஆட்டுவதை நிறுத்தினார்.

"இப்படியா வேதத்துல இருக்கு?"

"இல்லை. பாத்திரம் கழுவுறப்போ நானா நினைச்சுக்கிறது."

"ஆண்டவர் என்ன சொன்னாராம்?"

"நீயும் இரு, அவங்களும் இருக்கட்டும்னாராம்."

"அப்புறம்?"

"இறங்கிட்டான். போறப்போ கூட்டத்துல கொஞ்சப் பேரையும் இழுத்துட்டுப் போயிட்டான்."

"அவனைத் தள்ளிவிட்டார்னுதானே பிரசங்கத்துல சொல்றாங்க."

"தள்ளினதும் உண்டு. முதல்ல எழுந்திரிச்சது அவன்."

தூரத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. வேப்பமரத்தடியில் சிலுவைமுத்து எழுந்து மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

ஏட்டையாவுக்கு வேர்த்தது. தோற்கிற மாதிரி இருக்கும்போது குரலை உயர்த்துவது அவர் பழக்கம். உயர்த்தினார்.

"சரி, அம்மா. நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும். அந்தப் பிசாசு குற்றவாளிதானே? அவனுக்குத் தீர்ப்பு எழுதியாச்சு. அக்கினிக் கடல்னு வேதத்தோட கடைசியில இருக்கு. ஆள் யாருன்னு தெரியும், தீர்ப்பும் கையில இருக்கு. இன்னும் ஏன் ஆண்டவர் அவனைத் தூக்காம வெளியே விட்டு வச்சிருக்கார்? நாங்களா இருந்தா அன்னைக்கே முடிச்சிருப்போம்."

எஸ்தர்கனி முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார்.

"சீட்டாடுற இடத்தைச் சுத்தி வளைச்சுப் பிடிப்பீங்களே, ஏட்டையா. பக்கத்துல சும்மா நின்னுக்கிட்டிருந்தவனை என்ன செய்வீங்க?"

"அவனையும் சேர்த்துத்தான் வேன்ல அள்ளிப் போடுவோம். நீ யாரு, எதுக்கு நின்னேன்னு ஒவ்வொருத்தனாக் கேட்டுக்கிட்டிருக்க முடியுமா?"

"ஆண்டவர் கேட்டுக்கிட்டிருக்கார், ஏட்டையா. நீங்க பிசாசு பக்கத்துலயிருந்து கொஞ்சம் தள்ளி வாங்க."

பஸ் மேடேறி வந்து வேப்பமரத்தடியில் நின்றது. சிலுவைமுத்து ஏறினான். விசில் கேட்டது.

ஏட்டையா ஓடினார். செருப்பு மணலில் புதைந்தது, அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். கிளம்பின பஸ்ஸுக்கு முன்னால் நடு ரோட்டில் போய் நின்று கையை உயர்த்தினார். டிரைவர் பிரேக்கை மிதித்ததில் உள்ளே இருந்தவர்கள் முன் சீட்டில் முட்டிக்கொண்டார்கள்.

கண்டக்டர் திட்ட வந்தவர், அவர் நின்ற நிற்பைப் பார்த்துப் போலீஸ் என்று புரிந்துகொண்டு குரலைத் தணித்தார்.

"யாரை சார் இறக்கணும்?"

ஏட்டையா மூச்சு வாங்கிக்கொண்டே கடைசி சீட்டைக் காட்டினார். சிலுவைமுத்து எழுந்து, பழக்கப்பட்டவன் மாதிரி இரண்டு கையையும் முன்னால் சேர்த்துக்கொண்டு நின்றான். பஸ் முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்தது.

"என்ன குத்தம் சார் பண்ணினான்?" கண்டக்டர் கேட்டார்.

ஏட்டையா படியில் ஏறிப் போய், சிலுவைமுத்துவின் மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவனோடு படியிறங்கினார்.