செவலையின் குளம்பில் ஒட்டிய மண்

நடந்ததை முன்பின் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். என் வீட்டுக்காரர் மாதையனும் அவர் தம்பிகள் சென்னப்பனும் தொப்பையனும் பத்தாவது வரை போனவர்கள். அவர்கள் செய்ததற்கு ஏதாவது காரணம் இருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் சோளக்கொல்லை சரிவு நிலம். அடியில் வீடு. மழைக்கு மேல்மண் கரைந்து ஓடைக்குப் போவதைப் பார்க்க வந்த விவசாய அதிகாரி, "சுத்தி வரப்பு போடுங்க. ஒரு பிடி மண் வெளியே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு பைக்கில் போய்விட்டார்.

மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் சென்னப்பன் தன் காலைத் தூக்கி, ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தான்.

"மழையைக் குறை சொல்றோம். தினம் எடுத்துட்டுப் போறது நாமதாண்ணா."

அன்று முதல் கொல்லைக்குள்ளேயே கால் கழுவிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று முடிவானது. கழுவிய காலைக் கீழே வைத்தால் மறுபடி மண். மறுபடி கழுவினார்கள். பொழுது சாய்ந்ததும் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சோறு கொண்டுபோன என் குதிகால் வெடிப்பை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்தார்கள். இத்தனை வருஷம் ஓடைக்குப் போன மண்ணை ஒருவரும் தேடிப் போகவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. மேயப் போன எங்கள் செவலைப் பசு கொல்லைக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. நிறைமாதச் சினை. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. வெட்டவெளியில் ஈன்றால் கன்று விறைத்துச் செத்துவிடும்.

"நாலு குளம்புண்ணா," என்றான் தொப்பையன். "ரெண்டு காலுக்கே இவ்வளவு போகுது."

சரி, தூக்கிவிடலாம் என்றார்கள். செவலை விட்ட உதையில் என் வீட்டுக்காரர் கொல்லைக்கு வெளியே போய் விழுந்தார். வேட்டியில் இருந்த மண்ணை உள்ளே உதறிவிட்டுத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "கொல்லையோட வீட்டையும் கொட்டகையையும் சேர்த்து வரப்பு போட்டுட்டா, செவலை வந்தாலும் மண்ணு உள்ளேதானே இருக்கும்?" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை யாரும் அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் களிமண்ணை வைத்து வரப்பு மெத்தினார்கள். வாசலுக்கு நேரே கொஞ்சம் வழி விடச் சொன்னேன்.

"மண்ணும் அதே வழியா போயிடும் அண்ணி," என்றான் சென்னப்பன்.

செவலை கொட்டகைக்கு வந்து, மறுநாள் காலையில் கன்று போட்டது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கொல்லைத் தண்ணீர் மொத்தமும் வீட்டுக்குள் வந்தது. சட்டிபானை மிதந்தது. வரப்பை வெட்டிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். என் வீட்டுக்காரர் தண்ணீரில் மூழ்கி, அடுப்பங்கரைத் தரையிலிருந்து ஒரு பிடி சேற்றை அள்ளிக் காட்டினார்.

"பாரு. கொஞ்சம்கூட வெளியே போகல. எல்லாம் நம்ம வீட்லதான் இருக்கு."

அதற்குள் செவலை வரப்பைத் தாண்டி மேட்டுக்கு ஓடிவிட்டது. குளம்பு மண்ணைத் திருப்பிக் கொண்டுவர மூன்று பேரும் குடத்தோடு அதன் பின்னால் ஓடினார்கள்.

நான் கன்றைத் தூக்கிக்கொண்டு பரணில் ஏறிக்கொண்டேன். ஏறுவதற்கு முன்னால் என் காலையும் அதன் நான்கு குளம்பையும் நன்றாகக் கழுவினேன். பரண் உள்ளேயா வெளியேயா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லையே.