புளி போட்டுத் தேய்த்த செம்பு

“இன்னும் எத்தனை வாட்டிங்க அம்மிணி கழுவறது?” என்று கேட்டார் சீடர்.

“கறுப்பு நிக்கற வரைக்கும்,” என்றாள் குரு.

சீடர் பெயர் நாச்சிமுத்து. தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், தலை பாதி நரைத்தபின் இந்த வேலைக்கு வந்தவர். குரு கோகிலவாணி அவரைவிட இருபது வயது சின்னவள். வாய் மட்டும் சின்னது இல்லை.

கோவையில் ஒரு மீன் தொட்டிக் கடையின் மேல்மாடியில் அவள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். கையில் காசு குறைவாக இருப்பவர்களின் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிரவைத்துக் கொடுப்பாள். பழைய காரில் கழற்றிய குட்டி ரேடியேட்டர், கீழ்க்கடை மீன் தொட்டி பம்பு, யாரோ கழித்துப்போட்ட செம்புக் கட்டை, இவ்வளவுதான் சாமான். குழாய் போட்டு இணைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டால் சூடு இறங்கிவிடும்.

உள்ளே சுத்தமாக இருந்தால்.

நாச்சிமுத்து ரேடியேட்டருக்குள் வெந்நீரும் வினிகரும் ஊற்றினார். இரண்டு வாயையும் பொத்திக்கொண்டு குலுக்கினார். வெள்ளைத் தட்டில் கொட்டினார்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. நடுவில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புத் தூசி.

“ஒரே ஒரு தூசிங்க.”

“உங்க கண்ணுல விழுந்தா அப்படித்தான் சொல்லுவீங்களாண்ணா?”

நாச்சிமுத்து முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

வாசலோரம் ஸ்டூலில் அப்சல் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் மடியில் இருந்தது, கால் ஆடிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் அவனுடையது. அவன் வரைந்த கார்ட்டூன் படம் நாளைக் காலை ஒரு அனிமேஷன் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். பிடித்துவிட்டால் வேலை. படம் முழுதாக உருவாகி வர, மெஷின் ராத்திரி முழுக்க நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் சூடேறி அணைந்தால் மறுபடி ஓட்ட நேரம் கிடையாது.

ரேடியேட்டர் ஒருவழியாகத் தேறியது. குரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தாள். அவளிடம் அதுதான் பாராட்டு.

“குழாய்க்கு கிளிப் பத்தாது. கீழ போய் வாங்கிட்டு வர்றேன். நீங்க செம்புக் கட்டையைப் பிரிச்சுக் கழுவி வையுங்க. பல்லு பிரஷ், வினிகர். அவ்வளவுதான்.”

செம்புக் கட்டை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பிராசஸரின் தலைமேல் உட்கார்ந்து, அதன் சூட்டை வாங்கித் தண்ணீரிடம் கொடுப்பது அதுதான். உள்ளே தலைமுடி நுழையும் அளவுக்குப் பள்ளங்கள், வரிசை வரிசையாக.

நாச்சிமுத்து வினிகரில் தேய்த்தார். அழுக்குப் போனது. ஆனால் செம்பு மங்கலாகவே இருந்தது.

அவருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு தேய்ப்பது அவர் பொறுப்பு. செம்பையும் பித்தளையையும் பற்றி இந்த அம்மிணி தனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். பக்கத்து மெஸ்ஸில் ஒரு உருண்டை புளி வாங்கி வந்தார். தேய் தேய் என்று தேய்த்தார்.

செம்பு தகதகவென்று ஆனது. அலசினார், மூடினார், திருகினார்.

குரு திரும்பி வந்து பார்த்தாள்.

“பரவாயில்லையே, பளபளன்னு இருக்கு.”

நாச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதைப் போட்டுத் தேய்த்தார் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் பொருத்தினார்கள். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை நிரப்பினார்கள். அடியில் செய்தித்தாளை விரித்து, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல், பம்பை மட்டும் ஓடவிட்டார்கள். எங்காவது ஒழுகினால் தாள் காட்டிக்கொடுக்கும்.

தாள் காய்ந்தே இருந்தது. அப்சல் அடிக்கடி கைபேசியில் மணி பார்த்தான்.

அப்போது நாச்சிமுத்து கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஏதோ ஒன்றைப் பார்த்தார். மெல்லிசாக, நூல் போல. வந்தது, போனது. பார்த்தோமா இல்லையா என்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

“என்னண்ணா அப்படிப் பார்க்கறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க. காத்துக் குமிழி.”

“எங்க போச்சு?”

“கட்டைக்குள்ளாற போச்சுங்க.”

“வெளிய வந்துச்சா?”

நாச்சிமுத்து கட்டையிலிருந்து வெளியே வரும் குழாய்ப் பக்கம் குனிந்தார். அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு உர்ரென்று ஓடியது.

“அம்மிணி,” என்றார், அப்சல் காதில் விழாதபடி.

“சொல்லுங்க.”

“வினிகர்ல பளபளப்பே வரலீங்க. கொஞ்சூண்டு புளி போட்டுட்டேனுங்க.”

குரு ஒரு கிளிப்பை இறுக்கினாள்.

“நல்லா அலசிட்டேனுங்க.”

“சரி.”

“சக்கை எதுவும் உள்ள இருக்காதுங்க.”

“சரி.”

“இருக்குமுங்களா?”

“தேச்சது யாரு?”

“நானுங்க.”

“அலசுனது?”

“நாந்தானுங்க.”

“அப்புறம் என்னைக் கேட்டா?”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

புளி நார் ஒன்று அந்தப் பள்ளங்களில் சிக்கியிருந்தால் இப்போது எதுவும் தெரியாது. கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடும். படம் பாதி உருவாகும்போதுதான், சூடு ஏற ஏறத் தெரியும். பிரித்துப் பார்க்கலாம் என்றால், தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றி, பொடித் திருகுகளை எடுத்து, கழுவி, மறுபடி பொருத்தி, மறுபடி ஒழுகுகிறதா என்று காத்திருக்க வேண்டும். ரெண்டு மணி நேரம் போய்விடும். ஏன் என்று அந்தப் பையனுக்குச் சொல்லவும் வேண்டும்.

அப்சல் எழுந்துவிட்டான்.

“அண்ணா, ஆச்சுங்களா? இப்பவே ஓட்டினாத்தான் காலைல முடியும்.”

“இதோ ஆச்சு தம்பி,” என்றது நாச்சிமுத்துவின் வாய்.

அவர் குருவின் பக்கம் குனிந்தார். “தண்ணி நல்லாத்தானுங்க சுத்துது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அம்மிணி. சுவிட்சைப் போட்டுடறேன்.”

குரு எழுந்தாள். கம்ப்யூட்டரின் கேபிளைச் சுவரில் சொருகினாள். பெட்டியைத் திருப்பி, சுவிட்ச் அவர் பக்கம் இருக்கும்படி வைத்தாள்.

“சரி,” என்றாள்.

நாச்சிமுத்து திகைத்துப்போனார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன் வேலையைப் பார்த்து அவள் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்காக அவர் தலைகீழாக நின்றிருக்கிறார். இவ்வளவு லேசில் கொடுத்துவிட்டாளே!

சுவிட்சின்மேல் விரலை வைத்தார்.

விரல் இறங்கவில்லை.

“போடுங்கண்ணா. நாந்தான் சரின்னுட்டேனே.”

அப்சல் பக்கத்தில் வந்து நின்றான். ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சு விடுவது நாச்சிமுத்துவுக்குக் கேட்டது.

அவருக்குப் பயமாக இருந்தது. அவள் சரியென்று சொன்னபிறகு பயம் குறையும் என்று நினைத்திருந்தார். கூடிவிட்டது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை.

“அண்ணா?” என்றான் அப்சல்.

நாச்சிமுத்து விரலை எடுத்தார். குனிந்து கேபிளைப் பிடுங்கினார். பம்பையும் நிறுத்தினார். ஒரு பாத்திரத்தை இழுத்து அடியில் வைத்து, குழாயின் கிளிப்பைத் தளர்த்த ஆரம்பித்தார்.

“அண்ணா! என்ன பண்றீங்க? நேரமில்லைண்ணா!”

“செம்பைப் புளி போட்டுத் தேச்சுட்டேன் தம்பி. போடக் கூடாது, நார் உள்ள சிக்கிக்கும். அக்கா மேல தப்பில்லை, நான் பண்ணுனது. ரெண்டு மணி நேரம் ஆகும்.”

அப்சலின் முகம் வெளுத்துவிட்டது. அவன் குருவைப் பார்த்தான். அவள் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

குழாய் கழன்றது. தண்ணீர் பாத்திரத்தில் கொட்டியது. அப்சல் குனிந்து பார்த்தான். தெளிவாகத்தான் இருந்தது.

“உள்ள நார் சிக்கியிருக்குதுங்களா?” என்று கேட்டான். குரல் உடைந்திருந்தது.

“தெரியலீங்க தம்பி,” என்றார் நாச்சிமுத்து, முதல் திருகைக் கழற்றிக்கொண்டே. “அதுக்குத்தான் பிரிக்கறேன்.”